முடிச்சுப் போட வாய் எதற்கு?

அன்புள்ள மகன் சேகருக்கு அம்மா எழுதுவது. 'அன்புள்ள' என்று பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன். அது இன்றைக்கு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதைக் கடைசிவரை படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். நீ இருப்பது சுபாங் ஜெயாவில், நாங்கள் இருப்பது செந்தூலில். போனை எடுத்தால் பேசிவிடலாம், காரை எடுத்தால் நீ வந்துவிடுவாய். அப்படியிருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நேரில் நான் ஒன்று சொன்னால் நீ ஒன்பது சொல்வாய், அதற்காகத்தான். "அம்மா, நீங்க புரிஞ்சிக்கலைம்மா" என்று ஆரம்பிப்பாய். நான் எதற்குக் கோபப்பட்டேன் என்பதே எனக்கு மறந்துபோகும்படி பேசுவாய். கடைசியில் நான் உனக்குத் தோசை சுட்டுப் போட்டு, மிச்சச் சட்னியை டப்பாவில் ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். இத்தனை வருடமாக அதுதான் நடந்திருக்கிறது. இந்தத் தடவை நடக்காது. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாதல்லவா? உட்கார்ந்து படி.

நேற்று மத்தியானம் உன் தங்கை சுமதி உன் கல்யாண மணவறைப் படத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்திருந்தாள். எத்தனை நாளாக அதிலேயே கிடக்கிறாள் என்று உனக்குத் தெரியும். வாழைக்குருத்து விரிவதுபோல ஒன்றுக்குள் ஒன்றாக வளைவுகள், நடுவில் நீயும் மாலினியும் உட்கார்கிற பலகை. மாலினிக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்க இடம் விட்டிருந்தாள். நாத்தனார் நிற்கிற இடம். அங்கே ஒரு பெண்ணையும் வரைந்து, அவள் புடவைக்குப் பச்சைக் கலரும் தீட்டியிருந்தாள். போன மாதம்தான் பிரிக்பீல்ட்ஸ் கடையில் அவள் தனக்கென்று எடுத்துவந்த பச்சை அது. நேற்று நான் போய்ப் பார்க்கும்போது அந்தப் பெண்ணை ரப்பரால் அழித்துவிட்டு அதே இடத்தில் ஒரு குத்துவிளக்கை வரைந்துகொண்டிருந்தாள். "என்னடி இது?" என்றேன். "அண்ணன்... சொல்லிச்சி. நா... பின்னாடி ரூம்" என்றாள். சொல்லிவிட்டு என்னையே சமாதானப்படுத்துகிறாள்: "வெளக்கு... நல்லாதான் இருக்கு, ம்மா." எனக்குப் பற்றி எரிந்தது. இன்னும் எரிகிறது.

நீ அவளிடம் நேராகச் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். என்னிடம்தான் சொன்னாய், அதுவும் அடுப்படியில், குரலைத் தாழ்த்தி. இந்த பிளாட்டில் அடுத்த வீட்டுக் குக்கர் விசிலடித்தால் நான் எழுந்துபோய் நம் அடுப்பை அணைக்கிறேன். நீ குசுகுசுவென்று பேசியது ஹாலுக்குக் கேட்காதா? அவளுக்குப் பேச்சுதான் தடுமாறும். காது உன்னையும் என்னையும்விட நன்றாகக் கேட்கும்.

கிள்ளானில் பரிசம் போட்ட அன்று நடந்ததிலிருந்து வருகிறேன். மாலினியின் அப்பா டாக்டர், நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். நீ கட்டப்போகிற கட்டடங்களின் படத்தையெல்லாம் காட்டினாய். அவர் பூரித்துப்போய், "இதெல்லாம் படிச்சு வராது தம்பி, ரத்தத்துல இருக்கணும். எல்லாம் ஜீன்ஸ் லா!" என்றார். நீ உடனே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டாய். "ஆமா அங்கிள், எங்கப்பா கை அது. ரயில்வே ஒர்க்ஷாப்புல அப்பா செதுக்கிக் குடுக்குற மர அச்சை வெச்சுதான் இரும்பு வார்ப்பாங்க. தங்கச்சிக்கும் அதே கைதான். எங்க கல்யாண மணவறையே அவ டிசைன்தான், பாருங்களேன்" என்று சொன்னாய். எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். சம்பந்தியம்மா சுமதி பக்கம் திரும்பி, "அப்படியாம்மா! டிசைன்லாம் எங்க கத்துக்கிட்டே?" என்று ஆசையாகக் கேட்டார். அவள் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். "நா... நானே..." என்று வார்த்தையைத் திரட்டுவதற்குள் நீ பாய்ந்துவிட்டாய். "அவ ரொம்ப ஷை, ஆன்டி. புது ஆளுங்கன்னா வாயே தொறக்கமாட்டா." எல்லாரும் சிரித்தார்கள். உன் தங்கை திறந்த வாயை மூடிக்கொண்டாள். யார் ஷை? பூக்கடை அண்ணனிடம் இரண்டு வார்த்தையும் கைச்சாடையும் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேரம் பேசுகிறவளா ஷை?

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்றுகொண்டு நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீயே படித்துப் பார். "அம்மா, நாத்தனார் முடிச்ச பத்மா அக்கா போடட்டும்மா. பெரியம்மா மகளும் அக்காதானே" என்றாய். "சுமதி குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது பத்மா எதுக்குடா?" என்றேன். "அவ மேடை வேலையெல்லாம் பாத்து டயர்டா இருப்பா, பின்னாடி ரூம்ல ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றாய். நான் உன்னை முறைத்தேன். பிறகுதான் உண்மை வந்தது. "அவங்கப்பா டாக்டர்மா. யாராவது இவகிட்ட ரெண்டு கேள்வி கேட்டா போதும், கண்டுபிடிச்சிடுவாரு. இதெல்லாம் ஜெனட்டிக்னு இப்ப எல்லாரும் பேசறாங்க. நாளைக்கு எங்களுக்குப் பொறக்குற பிள்ளைக்கும் வரும்னு பயந்துடுவாங்க. கல்யாணம் முடியட்டும், அப்புறம் பக்குவமா சொல்லிக்கலாம்." இதோடு விட்டாயா? "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்னு பெரியவங்களே சொல்லியிருக்காங்கல்ல" என்று சிரிக்கவும் சிரித்தாய்.

அடேய், முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவது, மிச்ச முடிச்சுகள் அவன் உடன்பிறந்தவள் போடுவது. நாங்கள் உங்கள் வீட்டுப் பெண்ணை எங்கள் வீட்டுப் பெண்ணாக எடுத்துக்கொள்கிறோம் என்று அத்தனை பேர் முன்னால் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் சொல்கிற இடம் அது. அங்கே மைக் கொடுத்துச் சொற்பொழிவா ஆற்றச் சொல்கிறார்கள்? முடிச்சுப் போட வாய் எதற்கடா? விரல் போதாதா? அந்த விரலைத்தானே கிள்ளானில் காட்டிப் பெருமையடித்துக்கொண்டாய்? அவள் கை உனக்கு வேண்டும், வளைவு கட்ட, பூ கோர்க்க, நுரை அட்டையில் தாமரை வெட்ட. கட்டி முடித்ததும் அவள் மட்டும் பின்னாடி ரூமுக்குப் போய்விட வேண்டும். கூலிக்கு வந்த ஆளைக்கூட யாரும் இப்படி அனுப்புவதில்லை, பந்தியில் உட்காரவைத்துச் சோறு போடுகிறார்கள்.

ஆயிரம் பொய் சொல்லி நடந்த கல்யாணம் ஒன்று எனக்குத் தெரியும். என்னுடையது. அதை உன்னிடம் இதுவரை முழுதாகச் சொன்னதில்லை. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று உன் அப்பா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். என் அப்பா என்ன கேட்டாலும் உன் பெரிய அத்தைதான் பதில் சொன்னார். "தம்பி ரொம்ப அமைதிங்க, அதிர்ந்து பேசமாட்டான், நாலு பேர் மத்தியில பேசக் கூச்சம்" என்று வாய் ஓயாமல் அவரே பேசினார். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். குடிக்கமாட்டார், கத்தமாட்டார், ரயில்வேயில் வேலை, பிரிக்பீல்ட்ஸில் குவார்ட்டர்ஸ். வேறென்ன வேண்டும்? கல்யாணம் ஆகி குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். காலையில் "வரேன்", சாயங்காலம் "ஆங்", சாப்பாட்டில் "போதும்". அவ்வளவுதான் அவரிடமிருந்து வரும். நான் என்ன பேசினாலும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார், பதில் வராது. நான் எப்படிப்பட்ட வாயாடி என்று உனக்குத் தெரியும். மாதக்கணக்கில் அழுதேன். இவருக்கு என்னைப் பிடிக்கவில்லை, கட்டாயப்படுத்திக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று நினைத்துத்தான் அழுதேன்.

ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிள்ளானுக்கு, என் அம்மா வீட்டுக்கு, கிளம்பிவிட்டேன். உன் அப்பா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். வாய் கோணுகிறது, தாடை நடுங்குகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, ஒன்றும் வரவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாரோ. பிறகு, "போ... போகாத. புடிக்கும். வார்த்தை... வரல" என்றார். அந்த வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். அடுத்த வாரமே உன் பெரிய அத்தை வீட்டுக்குப் போய், "ஏன் அண்ணி என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். "சொன்னா நீ கட்டிக்கிட்டிருப்பியா?" என்றார். கட்டியிருப்பேன் என்றேன். அவர் நம்பவில்லை, சிரித்தார். என் கழுத்தில் நாத்தனார் முடிச்சுப் போட்ட மகராசி அவர்தான். அவருக்கு வாய் இருந்தது. நன்றாகவே இருந்தது.

இதோடு முடிந்ததா? நீ பிறந்தாய். மூன்று வயதாகியும் "ம்" என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை. நான் அப்போது ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். பழி முழுக்க என் தலையில். பிள்ளையைப் பார்க்காமல் வேலைக்குப் போனால் எப்படிப் பேச்சு வரும் என்றது ஒரு வாய். கர்ப்பமாக இருக்கும்போது கிரகணத்தன்று வெளியே போனாளாம் என்றது இன்னொன்று. "தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்று உன் அத்தை வீட்டுக்காரர்கள் என் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். கேட்டுக்கொள், வாய் கிழியப் பேசுகிற என்னைப் பார்த்துப் பிள்ளை பேசாமல் போய்விட்டதாம்! உன்னைத் தூக்கிக்கொண்டு பத்துமலைப் படியேறினேன், யார் யாரோ சொன்னார்கள் என்று உன் நாக்கில் தேன் தடவினேன், கண்டதையும் அரைத்துக் கொடுத்தேன். உன் பெரிய அத்தை மட்டும் இத்தனையையும் பார்த்துக்கொண்டு வாய் திறக்கவில்லை. தன் தம்பிக்கு எத்தனை வயதில் பேச்சு வந்தது என்று அவருக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அத்தனை வசையும் வாங்கியிருக்க வேண்டாம். குடும்ப கௌரவமாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள், சோறாக இருந்தவள் நான்.

உனக்கு நாலு வயதில் பேச்சு வந்தது, குழாய் உடைந்த மாதிரி. அப்புறம் நிற்கவே இல்லை. சுமதிக்கு வரவில்லை. அவள் பள்ளிக்கூடம் போனதும் ஆசிரியை ஒருவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வீட்டில் தமிழ், ரோட்டில் மலாய், பக்கத்து வீட்டில் இங்கிலீஷ், இத்தனை பாஷையைக் காதில் போட்டுக் குழப்பினால் பிள்ளை எப்படிப் பேசும், இனி வீட்டில் தமிழே கூடாது, மலாய் மட்டும் பேசுங்கள் என்றார். படித்தவர் சொன்னால் கேட்க வேண்டாமா? கேட்டோம். இந்த ஊரில் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் இதே பேச்சைக் கேட்டு இதே காரியத்தைச் செய்தனவோ. உன் அப்பா முக்கி முனகி வெளியே கொண்டுவந்த தமிழே கொஞ்சம். அதையும் பிடுங்கிக்கொண்டால் அவர் மகளிடம் எதைப் பேசுவார்? அந்த ஒரு வருடம் அப்பாவும் மகளும் குவார்ட்டர்ஸ் சிமெண்ட் தரையில் சாக்பீஸால் எதையாவது கிறுக்கிக்கொண்டு கிடந்தார்கள். அப்புறம் ஒருநாள் எனக்கு வெறி வந்து, ஸ்கூல் நாசமாய்ப் போகட்டும் என்று அவளைத் தமிழில் ஆசைதீரக் கொஞ்சினேன். பேச்சு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பாஷைக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

இதையெல்லாம் கடந்து, சுமதி பெரிய பெண்ணான பிறகு, ஓர் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற சீனப் பெண் ஒருத்தியிடம் அழைத்துப் போனோம். நீ அப்போது வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்தாய். அவள் சுமதியை அதைச் சொல்லச் சொல்லி, இதைச் சொல்லச் சொல்லிப் பார்த்துவிட்டு, யாரும் என்னிடம் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டாள். "குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா?" நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா கையைத் தூக்கினார். வகுப்பில் பிள்ளைகள் தூக்குவார்களே, அப்படி. அந்தப் பெண் சிரிக்கவில்லை. அவரையும் உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். அறிவில் குறையில்லை, காதில் குறையில்லை. வார்த்தைகளை அடுக்கி நாக்குக்குக் கொண்டுவருகிற வழியில்தான் சிக்கல். சில குடும்பங்களில் இது தலைமுறை தலைமுறையாக வரும், ஒரு பிள்ளைக்கு வரும், ஒரு பிள்ளைக்கு வராது, ஒரு பிள்ளையை லேசாகத் தொட்டுவிட்டுப் போகும். ஏன் எப்படி என்று இன்னும் யாருக்கும் முழுதாகத் தெரியாது. "யார் மேலயும் தப்பு இல்லை, ஆன்டி" என்றாள். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்று ஓவென்று அழுதேன், அழுதுகொண்டே சிரித்தேன். உன் அப்பா எதிர்க்கடைக்குக் கூட்டிப்போய் எங்கள் எல்லாருக்கும் குளுகுளுவென்று ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தார். பரம்பரை என்ற அந்த ஒரு வார்த்தைதான் என் தலையிலிருந்த பழியை இறக்கிவைத்தது. அதே வார்த்தையைச் சொல்லித்தான் நீ உன் தங்கையைப் பின்னாடி ரூமில் பூட்டப் பார்க்கிறாய். எனக்கு ஏன் எரியாது, சொல்?

ரத்தத்தில் வந்தது என்று கிள்ளானில் சொன்னாயே, யார் ரத்தம்? உன் அப்பாவுடையதுதானே? அவர் கை உனக்கு வந்ததென்றால் அவர் வாய் சுமதிக்கு வந்திருக்கிறது. இது வேண்டும், அது வேண்டாம் என்று பொறுக்கி எடுக்க இதென்ன பாசார் மாலாமா, ராத்திரிச் சந்தையா? கடவுள் பேச்சை எடுத்துக்கொண்டு கையைக் கொடுத்தார் என்று யாராவது ஆறுதல் சொல்ல வந்தால் அதையும் நான் கேட்கமாட்டேன். உன் அப்பாவோடு பிறந்த சித்தப்பாவைப் பார். பேச்சும் தடுமாறும், ஒரு கோடு நேராகப் போடவும் வராது. லோரி ஓட்டுகிறார், பேரப்பிள்ளைகளோடு நன்றாகத்தான் இருக்கிறார். உனக்குக் கையும் வாய்த்தது, வாயும் வாய்த்தது. அதில் நீ செய்த சாதனை என்ன? ஒன்றுமில்லை. வந்தது, அவ்வளவுதான்.

வாயும் முழுதாக வாய்த்ததா என்றால், அதையும் சொல்லிவிடுகிறேன். பத்து வயதுவரை உனக்கு 'ஆஸ்பத்திரி' என்று சொல்ல வராது. 'டாக்டர் வீடு' என்று சுற்றிவளைப்பாய். இன்றைக்கும் களைத்துப்போனால் சில வார்த்தைகள் உன் வாயில் புரண்டுவிடும், உடனே இருமல் வந்தவன்போல் நடிப்பாய். ஊருக்குத் தெரியாது, பெற்றவளுக்குத் தெரியாதா? லேசாகத் தொட்டுவிட்டுப் போகும் என்று அந்தப் பெண் சொன்னபோது எனக்கு உன் முகம்தான் ஞாபகம் வந்தது. நீ மறைப்பது உன் தங்கையை மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்காதே. உன் மாமனார் டாக்டர், அவர் உன்னிடமும்தான் தினம் பேசப்போகிறார்.

இப்போது மாலினிக்கு வருகிறேன். நான் இவ்வளவு கொதிப்பது சுமதிக்காக மட்டுமில்லை. உனக்கு ஒரு பிள்ளை பிறக்கும், நல்லபடியாகப் பிறக்கட்டும். அது மூன்று வயதில் பேசாமல் இருந்தால் ஊர் யாரைக் கேட்கும்? உன்னையா? நீதான் மேடையேறிப் பேசி கோப்பை வாங்கியவனாயிற்றே! வேலைக்குப் போகிறாள், பிள்ளையைக் கவனிக்கவில்லை, இங்கிலீஷ் பேசிக் கெடுத்துவிட்டாள் என்று அவளைத்தான் பிய்த்து எடுப்பார்கள். அவள் ராத்திரி பகலாக அழுவாள், நீ எல்லாம் தெரிந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய். பக்குவமாகச் சொல்கிறேன் என்றாயே, அப்போதா சொல்வாய்? அந்தப் பிள்ளையைத்தான் எங்கே உட்காரவைப்பாய்? அடுத்த கல்யாணத்தில் அதற்கும் பின்னாடி ரூமா?

ஞாயிற்றுக்கிழமை கூறைப்புடவை எடுக்க கிள்ளானில் இரண்டு வீட்டாரும் கூடுகிறோம். அதற்கு முன்னால் மாலினியிடம் நீயே உன் வாயால் சொல். உன் தங்கையைப் பற்றி, உன் அப்பாவைப் பற்றி, உன்னைப் பற்றி. அவள் யோசிக்க வேண்டும் என்றால் யோசிக்கட்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? சொல்லட்டும்டா. உனக்கு வலிக்கும், எனக்கும் வலிக்கும், அந்தப் பெண்ணை எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. ஆனாலும் தெரிந்துகொண்டு சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்கிற உரிமை அவளுக்கு உண்டு. எனக்கு யாரும் கொடுக்கவில்லை. நீ சொல்லாவிட்டால் புடவைக்கடையிலேயே நான் சொல்வேன், என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும். கல்யாணம் நடந்தால் முடிச்சு சுமதிதான் போடுவாள், அந்தப் பச்சைப் புடவையில். பத்மாதான் என்று நீ நின்றால் அப்பா, நான், சுமதி மூன்று பேரும் வரமாட்டோம். மணவறை வரும், அதை அவள் ஆசையாகச் செய்கிறாள், அதை நான் தடுக்கமாட்டேன். கீழே முதல் வரிசையில் எங்கள் நாற்காலி காலியாக இருக்கும். ஷை என்று சொல்லிக்கொள்.

இதோடு ஒட்டி அனுப்பிவிடலாம் என்று எழுந்தேன். உன் அப்பா "படி" என்றார். முழுதும் வாசித்துக் காட்டினேன். பிடிக்காத இடத்தில் கையை ஆட்டுவார் என்று பார்த்தேன், ஆட்டவில்லை. "எழுது" என்றார். அவர் சொன்னதை இங்கே எழுதுகிறேன். சொல்லி முடிக்க வெகு நேரமாயிற்று. நான் ஒரு வார்த்தைகூட எடுத்துக் கொடுக்கவில்லை.

"உனக்கு... பேச்சு வந்த அன்னிக்கு... ஒர்க்ஷாப் பூரா சொன்னேன். ஒருத்தன் விடாம. மிட்டாய்... வாங்கிக் குடுத்தேன். எம் மவனுக்கு வந்துடிச்சி... எம் மவனுக்கு வந்துடிச்சின்னு. அன்னிக்கு... அடுப்படியில... நீ பேசினது கேட்டிச்சி. ஏண்டா... வந்திச்சின்னு ஆயிடிச்சி."

இதை எழுத வேண்டாங்க, பிள்ளை தாங்கமாட்டான் என்று கெஞ்சிப் பார்த்தேன். எழுது என்று விரலால் காகிதத்தைத் தட்டினார். எழுதிவிட்டேன்.

அம்மா